கொயினா இல்லாத நாட்கள்

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்பவர்களுக்கு மிகவும் பழகிப்போன, ஆனாலும் வாயில் வரத் தயங்கும் சொல் ஒன்று உண்டு: 'இல்லை'. நான் அப்படி ஒரு மருந்தகத்தில்தான் வேலை பார்க்கிறேன். வார்டில் படுத்திருக்கும் நோயாளிக்குக் காலை எட்டு மணிக்கு இன்ன மருந்து தரவேண்டும் என்று டாக்டர் எழுதியிருப்பார். அலமாரியில் அது இருக்காது. அப்போது என்ன செய்வது என்பதற்கு எங்களிடம் முறை இருக்கிறது. பக்கத்து வார்டில் பார். பக்கத்து ஆஸ்பத்திரியில் கடன் கேள். அதே வேலையைச் செய்யும் வேறு மருந்து உண்டா என்று டாக்டரிடம் பேசு. ஒரு மாதத்துக்குக் கொடுப்பதை இரண்டு வாரத்துக்குக் கொடு. இருப்பது கொஞ்சம்தான் என்றால், இல்லாமல் சமாளிக்கவே முடியாதவர் யார் என்று முதலில் தேடு.

இதில் எதுவுமே நடக்கவில்லை என்றாலும் கடைசியாக ஒன்றைச் செய்தாக வேண்டும். மருந்து அட்டையில் அந்த எட்டு மணிக் கட்டத்தைத் தாதி காலியாக விடக்கூடாது. கொடுக்கவில்லை, கையிருப்பு இல்லை, டாக்டருக்குச் சொல்லியாகிவிட்டது என்று எழுதவேண்டும். கட்டம் காலியாக இருந்தால், அடுத்த ஷிப்ட்டுக்கு வருபவர் 'கொடுத்துட்டாங்க, எழுத மறந்துட்டாங்க' என்றும் நினைக்கலாம், 'கொடுக்கவே இல்ல' என்றும் நினைக்கலாம். இரண்டு நினைப்பிலும் ஆபத்து இருக்கிறது.

இந்த 'இல்லை' நம் நாட்டில் மூன்றரை வருடம் நீடித்த ஒரு காலம் உண்டு. நம் வீட்டுப் பெரியவர்கள் 'ஜப்பான்காரன் காலம்' என்பார்கள். நம் இலக்கியம் அந்தக் காலத்தைப் பசியாகவும் மரவள்ளிக்கிழங்காகவும் சயாம் ரயிலாகவும் எழுதியிருக்கிறது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலையும் அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' நாவலையும் வாசித்தவர்களுக்கு அந்தப் பாதை தெரியும். நான் அதே காலத்தை மருந்து அலமாரியின் பக்கத்திலிருந்து பார்க்க முயல்கிறேன். பார்க்கும்போது ஒரு கேள்வி விடாமல் உறுத்துகிறது. அத்தனை பேர் செத்தது மருந்து இல்லாததால்தானா?

கசப்பு வந்த வழி

மலாயாத் தோட்டங்களில் மருந்து என்றாலே அது பெரும்பாலும் கொயினாதான். காட்டை வெட்டி ரப்பர் நட்டபோது, அதுவரை நிழலில் ஓடிக்கொண்டிருந்த மலையோடைகளின் மேல் வெயில் விழுந்தது. வெயில்படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடும் அனோபிலிஸ் மக்குலேட்டஸ் என்ற கொசுவுக்கு அது கொண்டாட்டம். ஆகவே காட்டைத் திறந்தவர்களே முதலில் காய்ச்சலில் விழுந்தார்கள். 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களை வடித்து மலேரியாவைக் குறைக்கலாம் என்று கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் செய்து காட்டினார். கொசு மலேரியாவைச் சுமக்கிறது என்பதை ரொனால்ட் ராஸ் செக்கந்திராபாத்தில் கண்டறிந்து அப்போது நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. பிறகு மலைப்பாங்கான தோட்டங்களில் ஓடைகளுக்கு எண்ணெய் தெளிப்பதும், மண்ணுக்கடியில் குழாய் பதித்து நீரை மறைப்பதும் வழக்கமாயின. இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும், ஆள் வேண்டும். அவை போதாத இடங்களில் பெரட்டு நிற்கும்போதே கொயினா கொடுத்தார்கள். அதிகாலை இருட்டில் பெயர் கூப்பிட்டு, வாயில் மருந்தை ஊற்றி, விழுங்கியாகிவிட்டதா என்று பார்த்த பிறகே பால்வெட்டுக்கு அனுப்பினார்கள். கூலி ஆரோக்கியமாக இருப்பது துரையின் லாபக்கணக்கில் ஒரு வரி. அதனால்தான் மருந்து வந்தது. ஆனாலும் வந்தது.

அந்தக் கசப்பு எங்கிருந்து வந்தது என்பது தனிக் கதை. சிங்கோனா தென்னமெரிக்க மரம். அதன் பட்டையில்தான் கொயினா இருக்கிறது. பிரிட்டிஷார் அதை நீலகிரியில், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நட்டார்கள். நடுவட்டத்துச் சிங்கோனாத் தோட்டத்தில் வேலை செய்தவர்களில் நம் பக்கத்துக் கைதிகளும் உண்டு. நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து நாடு கடத்தப்பட்ட சீனக் கைதிகள் அவர்கள். தமிழன் கப்பலேறி மலாயாவுக்கு வந்த அதே காலத்தில் இங்கிருந்து சீனன் கப்பலேறிப் போய் நீலகிரியில் மண் வெட்டியிருக்கிறான்.

ஆனால் பந்தயத்தில் ஜெயித்தது டச்சுக்காரன். சார்லஸ் லெட்ஜர் என்ற வணிகர் பொலிவியாவிலிருந்து வெளியே கொண்டுவந்த விதைகளை 1865இல் டச்சு அரசு வாங்கி ஜாவாவில் நட்டது. அந்த விதைகளைச் சேகரித்துக் கொடுத்த மானுவல் இன்க்ரா மமானி என்ற பழங்குடி மனிதர் பிறகு சிறையில் அடிபட்டுச் செத்தார். அந்த மரங்களின் பட்டையில் மற்ற வகைகளைவிட மிக அதிகமாகக் கொயினா இருந்தது. 1930களில் உலகின் கொயினாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜாவாவிலிருந்தே வந்தது. உலகம் முழுக்க ஒரு மருந்துக்கு ஒரே தீவை நம்பியிருந்தது என்று அர்த்தம்.

கடலுக்கு அந்தப் பக்கம்

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது. மார்ச் மாதம் ஜாவாவும் விழுந்தது. வரலாற்றுப் புத்தகங்கள் இந்த இடத்தில் நேச நாடுகளின் தவிப்பைத்தான் அதிகம் பேசும். கொயினா கைவிட்டுப் போனதால் அமெரிக்காவும் பிரிட்டனும் மெபாக்ரின் என்ற செயற்கை மருந்தை அவசர அவசரமாகப் பெருமளவில் தயாரித்தன. படைவீரர்களின் தோல் மஞ்சளாக மாறியது. அந்தக் கதையில் ஜப்பான் எல்லாக் கொயினாவும் கையில் உள்ள நாடு.

அப்படியானால் ஜப்பானின் கீழ் வந்த மலாயாவில் கொயினாவுக்கு என்ன குறை? ஜாவா இங்கிருந்து கூப்பிடு தூரத்துக் கடல்தான். இரண்டு நாடுகளும் இப்போது ஒரே கொடியின் கீழ். உலகின் கொயினாக் களஞ்சியம் பக்கத்து வீடு. ஆனால் தோட்டத்து ஆஸ்பத்திரிகளுக்கு அது வந்து சேரவில்லை. படைக்குத்தான் முதலிடம். கப்பல்கள் படைக்கு வேலை செய்தன. நீர்மூழ்கிகள் அந்தக் கப்பல்களையும் மூழ்கடித்தன. ஒவ்வொரு பகுதியும் தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஜப்பானிய நிர்வாகத்தின் கொள்கையானது. கொயினாவும், நிமோனியாவுக்கான எம் அண்ட் பி 693 மாத்திரையும் கள்ளச்சந்தைக்குப் போயின. வாழைமரம் அச்சிட்ட ஜப்பான் நோட்டு மதிப்பிழக்க இழக்க, மாத்திரையின் விலை ஏறியது. அந்தச் சல்ஃபா மாத்திரைக்கு இருந்த மவுசைப் பார்த்துப் போர்க்கைதிகள் சிலர் போலி மாத்திரை செய்து காவல் சிப்பாய்களிடமே விற்றிருக்கிறார்கள்.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. மருந்து 'இல்லை' என்பது பெரும்பாலும் உலகத்தில் எங்குமே இல்லை என்ற பொருளில் வருவதில்லை. எங்கோ இருக்கிறது, இந்த மனிதனுக்கு இல்லை. 2020 மார்ச்சில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொரோனாவைக் குணப்படுத்தும் என்ற பேச்சு கிளம்பியதும் ஆட்கள் அதை வாங்கிக் குவித்தார்கள். லூபஸ் நோயாளிகள் பல வருடங்களாகச் சாப்பிட்டுவந்த மருந்து அது. அவர்கள் கடை கடையாக அலைந்தார்கள். 2022 நடுவில் மலேசியாவில் காய்ச்சல், இருமல் மருந்துக்கே தட்டுப்பாடு வந்தது. அப்போதும் ஒரு கிளினிக்கில் 'இல்லை', இன்னொன்றில் 'இருக்கு'.

தோட்டத்துக்குத் திரும்புவோம். வெள்ளைக்கார மருத்துவர்கள் சாங்கி சிறைக்குப் போய்விட்டார்கள். துரை ஓடிப்போனதற்கும் ஜப்பான்காரன் வந்து சேர்ந்ததற்கும் இடைப்பட்ட நாட்களில் பல இடங்களில் கிட்டங்கிகள் சூறையாடப்பட்டன. ஆஸ்பத்திரிகளில் மிஞ்சியவர் டிரஸர். அவர் டாக்டர் அல்ல. காயம் கட்டவும், ஊசி போடவும், காய்ச்சல் அட்டை எழுதவும், கொயினா கலக்கவும் பழகியவர். அலமாரியில் மிஞ்சியதை எப்படிப் பங்கிடுவது என்று தீர்மானிக்கும் பொறுப்பு திடீரென்று அவர் தலையில் விழுந்தது.

அந்தத் தீர்மானம் எவ்வளவு கொடியது என்பதற்கு ஒரு கணக்கு. அந்தக் காலத்து வழக்கமான அளவு ஒரு நாளைக்கு 30 கிரெயின் கொயினா, ஏழு நாளுக்கு. 5 கிரெயின் மாத்திரை என்றால் நாளைக்கு ஆறு, மொத்தம் 42. ஒரு டப்பாவில் 100 மாத்திரை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது இரண்டு பேருக்கு முழுச் சிகிச்சை. 16 மாத்திரை மிஞ்சும். வாசலில் ஆறு பேர் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறு பேருக்கும் சமமாகக் கொடுத்தால் மூன்றாவது நாள் முடியுமுன் டப்பா காலி. எல்லாருக்கும் காய்ச்சல் இறங்கும். சில வாரத்தில் பலருக்குத் திரும்ப வரும். இரண்டு பேருக்கு மட்டும் கொடுத்தால் நான்கு பேரை வெறுங்கையோடு லயத்துக்கு அனுப்பவேண்டும். அந்த நாலு பேரில் ஒருத்தி கர்ப்பிணியாக இருக்கலாம். ஒருவன் மூளைக் காய்ச்சலில் போய்விடலாம். எது நியாயம்? சமமாகக் கொடுப்பது நியாயம்போலத் தோன்றும். மருத்துவம் அப்படிச் சொல்லாது.

என் அப்பாயி அப்போது பேராக் பக்கம் ஒரு தோட்டத்தில் சிறுமி. சாகும்வரை அவருக்குக் கொயினா என்ற சொல் மறக்கவில்லை. ஒருமுறை சொன்னார்: "காச்ச வந்தா நாலு சாக்க எடுத்துப் போத்துனாலும் நடுக்கம் நிக்காது. கொயினா எங்க கெடைக்கும் அப்ப? டிரஸர் ஐயா மட்டும் தவறாம வருவாரு. கையில ஒண்ணும் இருக்காது. நெத்தியத் தொட்டுப் பாப்பாரு. எத்தன நாளாச்சுன்னு கேப்பாரு. நோட்டுல எழுதிக்குவாரு. தண்ணியக் காய்ச்சிக் குடின்னு சொல்லிட்டுப் போவாரு."

"மருந்து இல்லாம எதுக்கு அப்பாயி வரணும்?" என்று கேட்டேன்.

"வந்தாருல்ல?" என்றார்.

அந்த இரண்டு சொல்லுக்குப் பதில் தேடித்தான் நான் மருந்தில்லாத ஆஸ்பத்திரிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

தவிடும் மூங்கிலும்

மருந்து தீர்ந்ததும் மனிதர்கள் முதலில் கசப்பைத் தேடினார்கள். கொயினா கசக்கும், ஆகவே கசப்பது எதுவோ அது காய்ச்சலைப் போக்கும் என்பது எளிய தர்க்கம். வேப்பம்பட்டை, நிலவேம்பு, மலாய்க்காரர்கள் 'பத்தாவாலி' என்று சொல்லும் கொடி என எல்லாம் கஷாயமாயின. பத்தாவாலி நம் சீந்திலின் நெருங்கிய சொந்தக்காரன். மலாய் மருத்துவத்தில் அதற்கு நெடுங்காலமாகவே காய்ச்சல் மருந்தென்று பெயர். பர்கில் 1935இல் வெளியிட்ட மலாயாத் தாவரப் பொருள்களின் அகராதியைப் புரட்டினால் இந்த மண்ணின் செடிகொடிகளைப் பற்றி மக்கள் எவ்வளவு தெரிந்துவைத்திருந்தார்கள் என்று வியப்பாக இருக்கும். ஆனால் கசப்பும் கொயினாவும் ஒன்றல்ல. இந்தக் கஷாயங்கள் உடம்புச் சூட்டைக் கொஞ்சம் தணித்திருக்கலாம். ரத்தத்தில் உள்ள ஒட்டுண்ணியைக் கொயினாபோல அழிக்கவில்லை. நாட்டு மருந்தின் பெருமையைப் பேச விரும்புகிறவர்கள் இந்த இடத்தை மெதுவாகக் கடக்க வேண்டும்.

மாற்று உண்மையிலேயே வேலை செய்த இடங்களும் உண்டு. பெரிபெரி நோயை எடுத்துக்கொள்வோம். இந்த நோயின் காரணத்தை உலகுக்குச் சொன்னதில் மலாயாவுக்குப் பெரிய பங்கு உண்டு. நெகிரி செம்பிலானில் பணிபுரிந்த பிராடன் என்ற மருத்துவர், வெள்ளையாகத் தீட்டிய அரிசி சாப்பிடுகிறவர்களுக்கு வரும் பெரிபெரி, புழுங்கலரிசி சாப்பிடும் தமிழர்களுக்கு வருவதில்லை என்பதைக் கவனித்தார். பிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியிலும், ஃபிரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலானிலும் செய்த சோதனைகள் அதை உறுதிப்படுத்தின. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்குகிறது. நம் பாட்டிமார் சோற்றுக்காகச் செய்தது மருந்தாகவும் இருந்திருக்கிறது.

ஜப்பான்காரன் காலத்தில் அரிசியே அபூர்வமாகி மரவள்ளிக்கிழங்கு வந்ததும் அந்தப் பாதுகாப்பு போயிற்று. சாங்கியில் அடைபட்ட போர்க்கைதிகளுக்குத் தீட்டிய அரிசிதான் கிடைத்தது, பெரிபெரி பரவியது. வைட்டமின் மாத்திரை இல்லை. மருத்துவர்கள் தவிட்டைச் சேகரித்தார்கள். ஈஸ்ட் வளர்த்தார்கள். லாலாங் புல்லை நசுக்கிச் சாறெடுத்து, வாயும் நாக்கும் வெந்துபோனவர்களுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இருந்த கொஞ்ச மார்மைட்டை எல்லாருக்கும் தடவிவிடாமல் மோசமான நோயாளிகளுக்கென்று ஒதுக்கிவைத்தார்கள். இதெல்லாம் குருட்டு முயற்சி அல்ல. என்ன சத்து குறைகிறது, அது வேறு எதில் இருக்கிறது என்று தெரிந்து செய்தது.

சயாம் ரயில் பாதையில் இது உச்சத்துக்குப் போனது. 1943இல் மழையோடு வாந்திபேதி வந்தபோது, நீரிழந்து சுருங்கிய உடம்புக்குள் உப்புநீர் ஏற்றவேண்டும். ஊசியும் இல்லை, சலைனும் இல்லை. ஆஸ்திரேலிய மருத்துவர் எட்வர்ட் டன்லப் இருந்த ஹிந்தோக் போன்ற முகாம்களில் லாரியிலிருந்து கழற்றிய பெட்ரோல் குழாயை வைத்து நீரைக் காய்ச்சி வடித்தார்கள். அதில் உப்பைக் கரைத்தார்கள். ஸ்டெதாஸ்கோப் ரப்பர் குழாயையும், செதுக்கிய மூங்கிலையும் கொண்டு ரத்தக்குழாய்க்குள் செலுத்தினார்கள். சுங்காய் முகாமில் கனடா நாட்டு மருத்துவர் மார்கோவிட்ஸ், உறையாமல் இருக்க ரத்தத்தை மூங்கில் மத்தால் கடைந்து, துணியில் வடிகட்டி, இன்னொருவருக்கு ஏற்றினார். பர்மாப் பக்கம் 55ஆவது கிலோமீட்டர் முகாமில் ஆல்பர்ட் கோட்ஸ் அழுகிய கால்களை வெட்டி எடுத்தபோது, டச்சு வேதியியலாளர் வான் பாக்ஸ்டெல் கொக்கெய்னைத் தண்டுவட மயக்க மருந்தாகத் தயாரித்துக் கொடுத்தார். மாட்டின் வயிற்றுச் சவ்விலிருந்து தையல்நூல் செய்தார்.

ஒரே பாதை, இரண்டு முகாம்கள்

இந்தக் கதைகளை முதலில் படித்தபோது எனக்குப் பிரமிப்பாக இருந்தது. ஒரு மருந்தாளராகப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் உறைத்தது: அதே பாதையில், அதே மழையில், சில இடங்களில் அதே ஆற்றின் கீழ்த்துறையில் தமிழர்களின் முகாம்கள் இருந்தன. அவர்களுக்கு மூங்கில் குழாய்க் கதை ஏதும் இல்லை.

415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. அதில் வேலை செய்த போர்க்கைதிகள் 60,000க்கு மேல். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். ஆசியத் தொழிலாளர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 75,000 அளவில் என்று போருக்குப் பிந்தைய கணக்குகள் சொல்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். அவர்களில் இறந்தவர்களின் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுகிறது. மிகக் குறைந்த கணக்கும் பல பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. விகிதத்தில் அது கைதிகளின் சாவைவிட மிக அதிகம்.

மருந்து இரு பக்கமும் இல்லை. கைதிகளிடம் வேறு சில இருந்தன. முதலாவது, அவர்களோடு பிடிபட்ட மருத்துவர்களும் மருத்துவ உதவியாளர்களும் அவர்களோடேயே இருந்தார்கள். இரண்டாவது, ராணுவ ஒழுங்கு. கழிப்பிடக் குழியை எங்கே வெட்டுவது, சமையலறை வாசலில் கொதிக்கும் நீரில் தட்டை முக்கியெடுத்த பிறகே சோறு வாங்குவது, காய்ச்சாத நீரைக் குடிப்பவனைப் பிடிப்பது என்றெல்லாம் உத்தரவு போட ஆளிருந்தது. மூன்றாவது, பணம். அதிகாரிகளுக்குக் கிடைத்த சிறு சம்பளத்திலிருந்து நோயாளிகளுக்கென்று பொதுநிதி எடுத்து முட்டையும் மருந்தும் வாங்கினார்கள். நான்காவது, வெளியே ஒரு கை. காஞ்சனபுரியைச் சேர்ந்த பூன்பொங் என்ற தாய்லாந்து வணிகர் காய்கறி விற்கும் சாக்கில் முகாம்களுக்குள் மருந்தையும் பணத்தையும் கடத்திக் கொடுத்தார். பிடிபட்டிருந்தால் அவர் உயிர் போயிருக்கும்.

தமிழர் முகாம்களில் இந்த நான்கும் கிடையாது. அங்கே குடும்பங்கள் இருந்தன, சில இடங்களில் குழந்தைகளும். மூன்று மாத வேலை என்று சொல்லி அழைத்து வரப்பட்டவர்கள், சினிமாக் காட்டுகிறோம் என்று கூட்டிவைத்து லாரியில் ஏற்றப்பட்டவர்கள். ஒருவரை ஒருவர் தெரியாத பல தோட்டத்து ஆட்கள். தண்ணீரைக் காய்ச்சப் பெரிய பாத்திரம் இல்லை. காய்ச்ச நேரமும் கிடையாது. தோட்டத்தில் பெரட்டு எடுத்த கங்காணி இங்கே இல்லை. இருந்தாலும் அவனும் கூலிதான். நோயாளிகளைப் போட்ட கொட்டகைக்கு ஆஸ்பத்திரி என்று பெயர். நம் ஜனங்களுக்கு அறிவில்லாமல் செத்தார்கள் என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். இல்லை. ஒருவர் சொல்வதை ஐந்நூறு பேர் கேட்கும் அமைப்பு இருந்தால்தான் 'தண்ணியைக் காய்ச்சிக் குடி' என்ற அறிவு உயிரைக் காக்கும். அந்த அமைப்பை அவர்களிடமிருந்து பிடுங்கித்தான் சயாமுக்கு ரயிலேற்றினார்கள்.

நிலைமை கைமீறிய பிறகு, 1943 ஜூனிலும் ஆகஸ்டிலும் சாங்கியிலிருந்து மருத்துவர்களும் உதவியாளர்களும் அடங்கிய இரண்டு குழுக்கள் இந்தத் தொழிலாளர் முகாம்களுக்கென்றே அனுப்பப்பட்டன. கே படை, எல் படை என்று பெயர். அவர்களையும் ஜப்பானியர்கள் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, கையில் மருந்து கொடுக்காமல், நீண்ட பாதையெங்கும் சிதறடித்தார்கள். அப்போதும் அவர்கள் முதலில் செய்த வேலைகள் எளியவை. கொட்டகையைக் கூட்டினார்கள். குழி வெட்டினார்கள். பிணங்களை அப்புறப்படுத்தினார்கள். நோயாளிகளை நோய்வாரியாகப் பிரித்தார்கள். எண்ணினார்கள்.

இங்கேதான் அப்பாயியின் பதில் எனக்குப் புரிந்தது. மருந்தில்லாத ஆஸ்பத்திரி என்று ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியே இல்லாத இடம் என்று வேறொன்று உண்டு. முதலாவதில் ஒருவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார், எத்தனை நாளாயிற்று என்று கேட்கிறார், எழுதிக்கொள்கிறார், நாளை திரும்ப வருகிறார். அதனால் வாந்திபேதிக்காரன் தனியே பிரிக்கப்படுகிறான், தண்ணீர் காய்ச்சப்படுகிறது, நாளைக்குப் பத்து மாத்திரை வந்து சேர்ந்தால் அது யாருக்குப் போகவேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்கிறது. இரண்டாவதில் நூறு மாத்திரை வந்தாலும் அது முதலில் கை நீட்டியவனுக்குப் போகும், அல்லது விற்கப்படும்.

எழுதப்படாத கட்டங்கள்

கைதி முகாம்களின் மருத்துவர்கள் உயிரைப் பணயம் வைத்துச் செய்த இன்னொரு வேலை எழுதுவது. நாட்குறிப்பு வைத்திருப்பது குற்றம். ஆனாலும் யார் எப்போது எதனால் செத்தார், என்ன மருந்து கேட்டோம், என்ன கிடைத்தது என்று துண்டுத்தாளில் எழுதி, மூங்கிலுக்குள் ஒளித்தார்கள். புட்டியில் போட்டுக் கல்லறைகளில்கூடப் புதைத்தார்கள். போர் முடிந்ததும் அந்தக் காகிதங்கள் தோண்டி எடுக்கப்பட்டன. அவை போர்க்குற்ற விசாரணைகளில் சாட்சியாயின. சவங்களைக் கண்டெடுத்துப் பெயரிட உதவின. இன்று காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன; பெரும்பாலானவற்றில் பெயர் இருக்கிறது, வயதும் இருக்கிறது.

அதே ஊரில் 1990இல் ஒரு வயலைத் தோண்டியபோது ஆசியத் தொழிலாளர்களுடையவை என்று கருதப்படும் எலும்புக்கூடுகள் குவியலாகக் கிடைத்தன. பெயர் கிடையாது. அங்குள்ள ஒரு புத்த விகாரையில் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் தமிழர்கள் ஒரு நடுகல்லும் நட்டிருக்கிறார்கள். நடுகல்லில் பெயர் பொறிப்பது நம் மரபு. அந்தக் கல்லில் யார் பெயரைப் பொறிப்பது?

மருந்து அட்டையின் காலிக் கட்டம் அது. கொடுத்தார்களா, கொடுக்கவில்லையா, கேட்டார்களா, எத்தனை நாள் கிடந்தார்கள் என்று எதுவும் இல்லை. 'கையிருப்பு இல்லை' என்று யாராவது எழுதியிருந்தால்கூட, யாரோ அந்த மனிதனுக்கு மருந்து தரவேண்டியிருந்தது என்பதற்கு அது சாட்சியாக இருந்திருக்கும். அந்தக் கடன் பதிவாகவே இல்லாததால்தான், போருக்குப் பிறகு நஷ்டஈடு பற்றிப் பேச்சு வந்தபோதெல்லாம் நம் ஆட்களின் குரல் அவ்வளவு பலவீனமாக ஒலித்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரிகளின் கதையும் இப்படியே கரைந்துகொண்டிருக்கிறது. 1945இல் வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். மெபாக்ரினும் பெனிசிலினும் வந்தன. சில வருடத்தில் பலுட்ரின் என்ற புதிய மாத்திரை வந்தது. 1949க்குள் அதற்கும் கட்டுப்படாத மலேரியா மலாயாவிலேயே தென்பட்டது. மருத்துவ இதழ்களில் அதெல்லாம் பதிவாயிற்று. ஆனால் இடைப்பட்ட மூன்றரை வருடம் வெறுங்கையோடு லயம் லயமாக நடந்த டிரஸர்களைப் பற்றி நாம் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம்? நம் புனைவுகளில் கங்காணிக்கு முகம் இருக்கிறது, கிராணிக்கு முகம் இருக்கிறது, துரைக்கும் இருக்கிறது. டிரஸர் ஓரத்தில் ஒரு வரியில் வந்து போகிறார். அவர்களில் நல்லவர் இருந்திருப்பார். இருந்த மாத்திரையைக் கள்ளச்சந்தையில் விற்றவரும் இருந்திருப்பார். இரண்டு பேரும் நமக்கு வேண்டும்.

அந்தக் காலத்தில் சிறுபிள்ளைகளாக இருந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறு வயதை நெருங்குகிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், சயாமுக்கு யார் போனார்கள் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சல் வந்தால் என்ன கொடுத்தார்கள், யார் கொடுத்தார்கள், கொடுக்க ஒன்றும் இல்லாதபோது யாராவது வந்தார்களா என்றும் கேளுங்கள். தோட்டத்தின் பெயர், டிரஸரின் பெயர், எந்த வருடம், யாருக்குக் காய்ச்சல் என்று நான்கையும் எழுதிவையுங்கள். ஒரு வரி போதும்.